வெள்ளையா நின்ன ரெண்டு வட்டம்

மலேசியாவுல, கூலிம்ல ஒரு ஃபேக்டரியில பல வருஷமா பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தவன் நான். முதுகு மக்கர் பண்ணவும் என்னைத் தூக்கி ஆராய்ச்சி ரூம்ல போட்டாங்க. வீட்டுல பெருமையா சொன்னேன். "எதையும் ஒடைச்சிராதீங்க"ன்னு மட்டும் சொன்னா பொண்டாட்டி. அவளுக்கு என்னைத் தெரியும்.

அந்த ரூம்ல ஒரே ஒரு இன்ஜினியர்தான். பக்கத்துல கரங்கான்ங்கிற ஊர்லேருந்து மோட்டார் சைக்கிள்ல வர்ற பொண்ணு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் செம்பனைத் தோட்டத்துல வேலை. கொஞ்சம் இளமையா தெரியட்டுமேன்னு நான் "தங்கச்சி"ன்னு கூப்பிட்டேன். "சொல்லுங்க அங்கிள்"னுச்சு.

வேலை என்னன்னா, தண்ணி வடிகட்டுற ஒரு வெள்ளை ஷீட். ஃப்ளோரோபாலிமர்னு பேரு. ஒட்டாத குவாலி, அதான் வாணலி, அது மேல பூசுறாங்களே, அந்த சாதி. பேப்பர் மாதிரி மெல்லிசு, ஆனா தண்ணி ஊத்துனா முத்து முத்தா உருண்டு ஓடிடும். தண்ணி வடிகட்டவேண்டியது தண்ணியவே கிட்ட சேக்க மாட்டேங்குது.

"இதுல யூவி லைட் அடிச்சு வேற ஒண்ண மொளைக்க வைக்கப்போறோம் அங்கிள். ஷீட்டுல மருந்து ஊறியிருக்கும். லைட் பட்டா அது ஷீட்டைப் புடிச்சு அங்கங்க கிள்ளிவிடும். கிள்ளின எடத்துலேருந்து தண்ணி புடிக்கிற ஒரு சங்கிலி வளரும், முடி மாதிரி."

"வழுக்கையில முடியா?" என் தலையைக் காட்டினேன். "இங்கயும் கொஞ்சம் அடிம்மா."

"இந்த லைட்ட அங்க அடிச்சா தோல்தான் உரியும்."

சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. ஆனா நெலம சிரிக்கிற மாதிரி இல்ல. முன்னாடி ஒரு ஷீட் தண்ணி குடிச்சப்போ, பாஸ் ஒத்துக்கல. "ஆல்கஹால்ல கழுவியிருப்ப, அதான் குடிக்குது"ன்னுட்டாரு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் கண்ணு முன்னாடி காட்டணும். இல்லேன்னா புராஜெக்ட்டும் மூடுது, அந்தப் பொண்ணோட கான்ட்ராக்ட்டும் முடியுது. அப்புறம் அதுவும் செம்பனைத் தோட்டத்துக்கே போகவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில கடைசி ஷீட்டை மருந்துல ஊறவச்சு, தட்டுல வச்சு, சங்கிலி வளர்றதுக்கான திரவம் ஊத்தி, உள்ள இருக்குற காத்தை நைட்ரஜன் விட்டு வெரட்டினோம். மேல குவார்ட்ஸ் மூடி. சாதா கண்ணாடி போட்டா இந்த லைட் உள்ள போகாதாம். "பாக்க அதே மாதிரிதானம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். "நமக்குத்தான் அங்கிள்"னுச்சு. நான் நம்பல. லைட்டைப் போட்டுட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம்.

எடுத்துக் கழுவிக் காய வச்சா, ஷீட் அதே வெள்ளை. எந்த மாத்தமும் இல்ல. அதுக்குள்ள பாஸ் கதவத் தொறந்துட்டாரு.

அந்தப் பொண்ணு தண்ணிய ஊத்துச்சு.

தண்ணி உருளல. படர்ந்துச்சு. படர்ந்த எடமெல்லாம் வெள்ளை போயி, எண்ணெ பட்ட பேப்பர் மாதிரி அடியில இருக்குற மேசை தெரிஞ்சுது. ஆனா நடுவுல ரெண்டு வட்டம் மட்டும் வெள்ளையாவே நின்னுச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன பாலம். ரெண்டு பக்கமும் ஒல்லியா காலு.

என் மூக்கைத் தடவிப் பாத்தேன். காலியா இருந்துச்சு. லைட்டுக்குப் போடுற மொகமூடி என் மூக்குக்கண்ணாடி மேல ஏறாதுன்னு, கண்ணாடியக் கழட்டி அந்த குவார்ட்ஸ் மூடி மேலயே வச்சிருக்கேன், மூதேவி.

"சியாப்பா பூஞா?" யாரோடதுன்னு மலாய்ல கேட்டாரு பாஸ்.

"என்னோடதுதான் பாஸ். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

அவர் என்னைப் பாக்கவே இல்ல. குனிஞ்சு, அந்த வெள்ளை வட்டத்துல ஒரு சொட்டு விட்டாரு. உருண்டு ஓரத்துக்கு வந்துச்சு. கோட்டைத் தாண்டுன ஒடனே ஷீட்டுக்குள்ள காணாமப் போச்சு. இன்னொரு சொட்டு. அதுவும் அப்படியே.

"சார், ஒரே ஷீட்டு. ஒரே மருந்து, ஒரே கழுவல்," அந்தப் பொண்ணு மெதுவா சொல்லுச்சு. "லைட் படாத எடம் மட்டும்தான் மாறல."

லென்ஸ் வழியா நான் இத்தனை வருஷமா ஒலகத்தையே பாக்குறேன். அது அந்த லைட்டுக்குச் சுவரு. கண்ணுக்கே தெரியாத ஒண்ணு வந்து, என் கண்ணாடிய அச்சு அசலா வரைஞ்சிட்டுப் போயிருக்கு.

பாஸ் மூணாவது சொட்டும் விட்டுப் பாத்தாரு. "திங்கக்கிழமை கறுப்புப் பேப்பர் வெட்டி வச்சு இதையே திருப்பிச் செய். கான்ட்ராக்ட் பேப்பர நான் ஏற்பாடு பண்றேன் லா."

அவர் போனதும் அந்தப் பொண்ணு நடைபாதையில நின்னு அம்மாவுக்குப் போன் போட்டுச்சு. "வேலை போகலம்மா..." கண்ணைத் தொடச்சுக்கிச்சு. போனை என் கையில குடுத்துச்சு. "என்னம்மா ஆச்சு?"ன்னு அந்தப் பக்கம் பதறுறாங்க.

"ஷீட்டு தண்ணி குடிக்குதுக்கா"ன்னேன். "நானே பாத்தேன். குடிக்குது."