பழைய குவார்ட்டர்ஸைக் காட்டப் போன கதை

எனக்குப் பேச்சு வராது. எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தாலே வராது. போனில் முகத்தையும் காட்டிக்கொண்டு பேசு என்றால் எங்கிருந்து வரும்?

வடலூரில் ஒரு கல்யாணத்தில் என் பள்ளித் தோழியின் அண்ணனைப் பார்த்தேன். அவர்தான் அவளுடைய கனடா நம்பரைக் கொடுத்தார். முப்பது வருஷம் கழித்து வீடியோ காலில் வந்தாள். அவள் பேசினாள், நான் "ம்" போட்டேன். மூன்றாவது தடவை பொறுமை போய்விட்டது அவளுக்கு.

"ஏன்டி, நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசறேன்? புடிக்கலன்னா சொல்லிடு, இனிமே கூப்புடல."

பயந்துவிட்டேன். கிடைத்த ஒருத்தியையும் தொலைத்துவிடுவேன் போலிருந்தது. பேச வராவிட்டால் என்ன, காட்டலாமே!

"இரு, ஒங்க பழைய குவார்ட்டர்ஸைக் காட்டறேன்" என்று செருப்பை மாட்டினேன்.

அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கம்பெனி கொடுத்திருந்த வீடு, இரண்டு தெரு தள்ளி. எங்கள் பிளாக்கில் எல்லா வீடும் ஒரே அச்சு. போனிலிருந்து அவளே வழி சொன்னாள். வேலியோரம் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். வாசல், ஜன்னல், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஷீட்டுக் கொட்டாய்.

உள்ளேயிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். குவார்ட்டர்ஸில் நாமாகக் கொட்டாய் போடக் கூடாது. போடாத வீடும் குறைவு. யாராவது போட்டோ எடுத்தால் கம்பெனி ஆபீஸிலிருந்து வந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

"ஆபீஸ்லேர்ந்து வரீங்களா மேடம்? கொட்டாய் நாங்க போடலீங்க. முன்னாடி இருந்தவங்க போட்டது. அவங்களப் புடிங்க!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ம்" என்றுதான் வந்தது. அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

போனுக்குள்ளிருந்து தோழி கத்தினாள். "அய்யய்யோ, அது எங்கப்பா போட்டதுங்க! இன்னுமா நிக்குது?"

அந்த அம்மா போனை எட்டிப் பார்த்தார். "நீங்கதானா அது? மழை பேஞ்சா ஒழுகுதுங்க."

"அப்பவே ஒழுகும்! அந்தக் கோடி மூலையிலதான?"

"அதே மூலதாங்க!"

போன் அவர் கைக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு நாற்காலியும் டீயும் கிடைத்தன. இருவரும் அடுப்படி, குழாய், ஜன்னல் கொக்கி என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். என்னிடம் ஒரு நாளும் அவள் இப்படிச் சிரித்ததில்லை.

"ஒங்க நம்பரக் குடுங்களேன், அப்பப்ப பேசலாம்" என்றாள் தோழி.

எழுந்துவிட்டேன். "போனக் குடுங்க. அவ எனக்குப் பண்ண போனு."

அவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. வழி நெடுக அவளைத் திட்டினேன். சொல்லாமல் கொள்ளாமல் கனடா போனதில் ஆரம்பித்து, வீடு வந்தும் முடியவில்லை.

"சரிடி, மிச்சத்த எப்ப திட்டுவ?" என்று கேட்டாள்.

"நாளைக்கு எங்க வூட்டுக்காரருக்கு செகண்ட் ஷிப்டு. சாயங்காலம் வூட்ல யாரும் இருக்க மாட்டாங்க. கூப்புடு, நிதானமா திட்டறேன்."