எலிகளுக்கு வைத்திருந்த பசலைச் சாறு

தொண்ணூறுகளில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் பேராசிரியராக இருந்தேன். என் மாணவி ஒருத்தி கொடிப்பசலையை ஆராய்ந்தாள். கோவில்பதாகையில் அவள் வீட்டு வேலியில் படர்ந்த கீரை. இலையைக் காயவைத்து, கொதிக்கவிட்டு, சுண்டிய சாற்றைச் சில நாள் எலிகளுக்குப் புகட்ட வேண்டும். பிறகு பட்டினி போட்டு, ஆஸ்பிரின் கொடுத்துப் புண் வரவைத்து, இரைப்பையைத் திறந்து புண்ணைப் பார்க்க வேண்டும். சாறு குடித்த எலிக்குப் புண் குறைந்தால் கீரைக்கு வெற்றி. அவளுக்கும்தான்: ஆய்வேட்டை முடித்துக்கொண்டு பொங்கலுக்குள் வந்தால் வேலை என்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி சொல்லியிருந்தது.

எனக்கும் வயிற்றுப்புண் இருந்தது. கேண்டீன் வடையும் ஓயாத காப்பியும் தந்தது. ஒருநாள் ஆய்வக ஃபிரிட்ஜைத் திறந்து அந்தச் சாற்றில் ஒரு மடக்கு குடித்தேன். வலி அடங்கியதுபோல் இருந்தது. மறுநாள் இரண்டு மடக்கு. குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றினேன். நிறம் வெளுத்ததும் ஆய்வக உதவியாளரைக் கேண்டீனுக்கு அனுப்பினேன்.

“வட வாணாம், பொதினா சட்னி மட்டும் இன்னாத்துக்கு சார்?” என்றார்.

“வாங்கிட்டு வாய்யா.”

சட்னியை வடிகட்டி பாட்டிலில் ஊற்றினேன். அதில் பச்சைமிளகாய் இருக்கும் என்பது முனைவர் பட்டம் பெற்ற எனக்குத் தோன்றவில்லை.

சாறு குடித்த எலிகளுக்கே புண் அதிகம். லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “சார், இலைய வெயில்ல காயவெச்சது தப்பா?”

“இருக்கலாம்” என்றேன். குடித்ததைவிட அந்த ஒரு சொல்தான் இன்னும் என்னை அறுக்கிறது.

நிழலில் காயவைத்து மொத்தத்தையும் மறுபடி தொடங்கினாள். பொங்கல் போனது, வேலையும் போனது. அப்போதும் நான் திருந்தவில்லை. புதுப் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது உதவியாளர் உள்ளே வந்தார். பின்னால் அவள்.

“ஐய, மீசையெல்லாம் பச்சயா கீது! எலிக்கே வாயப் பொளந்துதான் ஊத்த வேண்டிக்கீது. நீ இன்னா சார், தானா குடிச்சிகினு கீற? அப்ப அந்தச் சட்னி?”

சட்னியையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் கூண்டைப் பார்த்து, “பாவம் சார், காரம் வேறயா?” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஃபிரிட்ஜில் இரண்டு பாட்டில்கள். பெரியதில் ‘எலி’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். சிறியதில் ‘சார்’.

அந்த முறை எலிகளின் புண் குறைந்தது. என்னால் வேலையை இழந்தவள், ஆய்வு முடியும்வரை எனக்கும் சேர்த்து இலை பறித்து வந்தாள். வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொல்லவில்லை.