நிமிடத்துக்கு நாற்பது மிதி

பாடசாலைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். அதில் பதினான்கு வருடம் பிரதம லிகிதர். அந்தக் காலத்தில் நான் எழுதி அதிபர் கையொப்பமிட்ட அறிவித்தல்கள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையை எங்கே பாவிக்கலாம், சோக்கட்டித் துண்டுகளை யார் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கெல்லாம் அறிவித்தல் உண்டு. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இன்றைக்கும் நியாயப்படுத்துவேன். அந்த ஒன்று, சைக்கிள் பெடலை நிமிடத்துக்கு எத்தனை தரம் மிதிக்க வேண்டும் என்பது பற்றியது.

இப்போது கந்தோர்களில் சேருகிற பிள்ளைகளுக்கு அது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

1. கோரிக்கை

தொண்ணூறில் யுத்தத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அதற்கு மூன்றாம் வருடம் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்டு ஒன்றுகூடலில் போட்டுக் காட்டுவதற்கு, மாணவர்கள் ஆடிப்பாடும் வீடியோ ஒன்று தேவை. பரதநாட்டியமும் வில்லுப்பாட்டும் வேண்டாம். அவை போதிய அளவு கைவசம் உள்ளன. அங்கே பிறந்த பிள்ளைகள் இடையில் எழும்பிப் போகாமல் பார்ப்பதற்கு ‘ஹிப்-ஹொப்’ என்ற வகைப் பாட்டாக இருக்க வேண்டும். பாட்டு இத்துடன் அனுப்பப்படுகிறது.

கசற் வந்து சேர்ந்தது. அதன் மட்டை வரவில்லை. வழியில் எங்கோ சோதித்தவர் மட்டையை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க மறந்திருப்பார். ஆகவே பாடியவர் யார் என்ற விபரம் எங்களிடம் இல்லை.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். பிரதம லிகிதரை ஆங்கிலச் சுருக்கத்தில் சீ.சீ. என்பது அக்காலத்து வழக்கம்.

“சீ.சீ., உதை எப்பிடிச் செய்யிறது?”

“முதலிலை ஒரு கோவை திறப்பம், சேர்.”

“திறவும். ஒரு விசயம். பொம்பிளைப் பிள்ளையளை ஆட விட்டால் ஊர் கதைக்கும். விடாட்டில் ஏன் விடேல்லை எண்டு லண்டன் கதைக்கும். ரெண்டு பகுதியும் வாய் திறக்காத மாதிரி ஒண்டு எழுதும்.”

எழுதினேன். ஐந்து நிபந்தனைகள். இரண்டாவது: பாடிய கலைஞரைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை வைத்த பின்னரே ஒத்திகை தொடங்கலாம். நான்காவது: பாடியவர் ஆணாயின் ஆண் மாணவரும், பெண்ணாயின் பெண் மாணவியுமே பாட்டுக்கு வாயசைக்க வேண்டும், பெண் மாணவியாயின் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அதிபர் நாலாவதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “உமக்கு உந்த மூளையை ஆர் தந்தது?” என்று கேட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

2. ஆய்வு

பாட்டைக் கேட்டால்தானே ஆராயலாம். பற்றரி வாங்க முடியாத காலம். உயர்தரக் கணித வகுப்புக் குகன், மாணவர் மன்றச் செயலாளர், கந்தோர் விறாந்தையில் ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தினான். பின் சில்லில் உரசும் டைனமோவிலிருந்து வயர் இழுத்து, நடுவில் ஏதோ இரண்டு சாமானை ஒட்டவைத்து, கசற் றெக்கோடரில் பூட்டினான். ஊர் முழுக்க அப்போது இப்படித்தான் பாட்டுக் கேட்டது.

மிதித்தவர் பியோன் சின்னத்தம்பி. அவருக்கு முழங்கால் வாதம். தபாலை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வருகிற அதே கதியில் மிதித்தார். றெக்கோடரிலிருந்து ஒரு குரல் எழும்பியது.

“எருமை மாடு கிணத்துக்கை விழுந்து கத்திற மாதிரிக் கிடக்கு,” என்றார் அதிபர்.

நூலகத்தில் இருந்த கலைக்களஞ்சியத்தைப் பார்த்தோம். அது அச்சான வருடத்தில் அந்த வகைப் பாட்டு உலகத்தில் இருக்கவில்லை. லண்டனுக்கு எழுதினேன்; பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் செல்லும். எனவே உள்ளூர் நிபுணர் ஒருவரை அழைத்தோம். கப்பல் கனகரத்தினம் இருபது வருடம் கப்பலில் வேலை செய்தவர். கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

“உவன் நியூயோர்க் துறைமுகத்திலை மூட்டை ஏத்தினவன். ஆறரை அடி உயரம். நான் கண்டிருக்கிறன்.”

“இவரையோ?” என்று பேனையைத் திறந்தேன்.

“இவரை இல்லாட்டில் இவரின்ரை தமையனை.”

“பாட்டு ஏன் உவ்வளவு சோகமாய்ப் போகுது?”

“பெண்சாதி செத்திருக்கும்.”

அறிக்கையில் இப்படிப் பதிந்தேன்: ஆண். வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில். பருத்த தேகம். முன்னர் துறைமுகத் தொழிலாளி. தபுதாரர் (உறுதிப்படுத்தப்படவில்லை). ஆறு பக்கம். கனகரத்தினம் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வைத்தார்.

வாயசைக்கக் குகனைத் தெரிவு செய்தோம். பாடசாலையிலேயே பருத்தவனும் மீசை ஓரளவுக்கு வந்தவனும் அவன்தான். பின்னால் ஆட ஆறு பொடியள்.

3. றெஜினா

அடுத்த நாள் உயர்தரக் கலைப்பிரிவு மாணவி ஒருத்தி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பெயர் றெஜினா. மயிலிட்டிப் பிள்ளை. கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து தாயோடு அச்சுவேலியில் உறவினர் வீட்டில் இருந்தாள். கையில் இரண்டு கடிதங்கள்: ஒன்று அவளுடைய விண்ணப்பம், மற்றது தாயின் சம்மதம்.

“சேர், வீடியோவிலை நானும் சேரலாமோ?”

“நாலாம் நிபந்தனை வாசிச்சனீரோ?”

“ஓம் சேர். பின்னாலை ஒரு மூலையிலை நிண்டாலும் காணும். என்ரை அண்ணை லண்டனிலை. எங்கடை ஆக்கள்ரை விசேசங்களுக்குச் சாப்பாடு குடுக்கிற கடையிலை வேலை. உந்த ஒன்றுகூடலுக்கும் அவைதான் சமையல். அவர் போகேக்கை எனக்குப் பத்து வயசு. இப்ப போட்டோ அனுப்பினால், உது ஆர் எண்டு கேட்டு எழுதுறார்.” கடிதங்களை மேசையில் வைத்தாள். “நான் அசையிறதை, கதைக்கிறதை ஒருக்காப் பாக்கட்டும், சேர்.”

பாடியவர் ஆண் என்று அறிக்கை இருக்கிறது, ஆகவே பெண்பிள்ளைக்கு மூலையிலும் இடமில்லை என்று விளக்கினேன். கடிதங்கள் இரண்டையும் மேசை லாச்சிக்குள் வைத்தேன். நிபந்தனைக்குப் பொருந்தாத விண்ணப்பம் கோவைக்குள் போவதில்லை.

அந்தக் கிழமையே சின்னத்தம்பி, “ஐயா, என்ரை காலைக் கோவையிலை வைச்சுக் கட்டுங்கோ, என்னாலை ஏலாது,” என்று சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். ஒத்திகைக்கு மிதிக்க ஆள் வேண்டும். ஆடுகிற பொடியள் ஆட வேண்டும். றெஜினாவிடம் கேட்டேன். மறுபேச்சில்லாமல் ஏறினாள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுத்தாயிற்று என்று நான் திருப்திப்பட்டதையும் இங்கே சொல்ல வேண்டும்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்தாள்.

“சேர், கெதியாய் மிதிச்சால் குரல் மாறுது. அது பொம்பிளைக் குரல்.”

“அப்ப மெல்லமாய் மிதியும்.”

“அதில்லை, சேர். மெல்லமாய் மிதிச்சால் குரல் எவ்வளவுக்கும் கீழை இறங்குது. கெதியாய் மிதிச்சால் ஒரு இடத்திலை வந்து நிக்குது. அதுக்கு மேலை என்ன மிதி மிதிச்சாலும் ஏறேல்லை. அப்ப அந்த நிக்கிற குரல்தானே அவவின்ரை குரல்?”

கனகரத்தினத்தின் ஆறு கையொப்பங்கள் என் மேசையில் கிடந்தன. அவற்றுக்கு எதிராக இருந்தது ஒரு மாணவியின் கால். மேலும், பொடியள் முறைப்பட்டிருந்தார்கள்: அவள் சிலவேளை கெதியாக மிதிப்பதால் ஆட்டம் குழம்புகிறதாம். அடுத்த நாள் காலை அறிவித்தற் பலகையில் தாள் ஏறியது. ‘ஒத்திகையின்போது பெடல் நிமிடத்துக்கு நாற்பது தடவை மிதிக்கப்பட வேண்டும். கூட்டியோ குறைத்தோ மிதித்தல் ஆகாது.’ மணிக்கூடு பார்க்கவும் ஒருவனை நியமித்தேன்.

அறிக்கையில் இருந்த தபுதாரர் பத்திரமாக இருந்தார். பொடியள் நெல்வயலில் நடப்பதுபோல் ஆடினார்கள். குகன் மாடு அசைபோடுவதுபோல் வாயசைத்தான். மூன்று கிழமை ஒத்திகை ஒரு குழப்பமும் இல்லாமல் நடந்தது.

4. படப்பிடிப்பு

வீடியோக்காரர் அச்சுவேலியில் கலியாண வீடுகளுக்கு எடுப்பவர். சைக்கிளைக் கண்டதும் முகம் சுளித்தார்.

“மிதிச்சுப் பாட்டுப் போட்டெடுத்ததெண்டு கதை போனால் என்ரை தொழில் படுத்திடும். பாட்டு என்ரை மெசினிலை போகும். ஜெனரேற்றர் கொண்டந்திருக்கிறன். ஆனால் எண்ணெய் அரை மணித்தியாலத்துக்குத்தான் கிடக்கு. பிறகு நான் போயிட்டு வாறன்.”

ஜெனரேற்றரைப் பாடசாலை வளவில் நின்ற வாழைகளுக்குப் பின்னால் வைத்து நீள வயர் இழுத்தார். கமராவுக்கு மட்டும் சார்ஜ் ஏற்றிய தனிப் பற்றரி. குகன் நெஞ்சை நிமிர்த்தி நடுவில் நின்றான். பாட்டுத் தொடங்கியது.

ஒரு இளம் பெண் வேலிக்கு மேலால் யாரையோ ஏசுவதுபோலப் பாடினாள். குகன் ஒரு தரம் வாயைத் திறந்து மூடுவதற்குள் நாலு வரி போய்விட்டது. பின்னால் நின்ற பொடியள் பாட்டைப் பிடிக்க ஓடி ஒருவரோடு ஒருவர் முட்டினார்கள்.

“தம்பிக்கு உந்தக் குரலை ஆர் பூட்டினது?” என்றார் வீடியோக்காரர்.

பாட்டு நிறுத்தப்பட்டது. அதிபர் கோவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சீ.சீ., தபுதாரர் எங்கை?”

குகன்தான் விளக்கம் சொன்னான். “சேர், றெக்கோடருக்குள்ளை வேகத்தைப் பிடிச்சு வைக்கிற ஒரு சாமான் இருக்கு. கரண்ட் காணாட்டில்தான் மோட்டர் தளரும். நாங்கள் மூண்டு கிழமையாய் அதை அரை வயித்திலை ஓடவிட்டிருக்கிறம்.”

“உதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“அறிவித்தலிலை நாற்பது எண்டு கிடந்தது, சேர்.”

“எண்ணெய் எரியுது,” என்றார் வீடியோக்காரர்.

அதிபர் கையை உதறினார். “விடும். லண்டனுக்கு வில்லுப்பாட்டை அனுப்புவம்.”

அன்று வேலை இல்லாத றெஜினா சைக்கிளுக்குப் பக்கத்தில், சீற்றில் கையை வைத்தபடி நின்றாள். சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

நான் நாலாம் நிபந்தனையை உரத்து வாசித்தேன். பெண்ணாயின் பெண் மாணவியே வாயசைக்க வேண்டும்.

“பாட்டின்ரை சொல்லுகள் ஆருக்குப் பாடம்?” என்று அதிபர் கேட்டார்.

“எனக்கு, சேர்,” என்றாள். “நீங்கள் எல்லாரும் தேத்தண்ணிக்குப் போற நேரம் கெதியாய் மிதிச்சுப் பாடமாக்கினனான்.”

அது அறிவித்தலுக்கு எதிரான செயல். நடவடிக்கை எடுக்கவில்லை.

“தாய் தகப்பன்ரை சம்மதம்?” என்றார் அதிபர்.

அது என் லாச்சியில் இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் நான் கந்தோருக்கு ஓடிப் போனது அந்த ஒரு தரம்தான். கடிதத்தோடு திரும்பி வந்தபோது எண்ணெயில் பாதி போய்விட்டிருந்தது. அதிபர் தாயின் கையொப்பத்தைப் பார்த்தார். வாழைகளின் பக்கம் பார்த்தார். “ஊர் கதைச்சால் சீ.சீ.யிட்டைக் கேக்கச் சொல்லுவன்,” என்று சொல்லிவிட்டு விலகி நின்றார்.

பொடியள் தயங்கினார்கள். “நீங்கள் பழகினபடியே ஆடுங்கோ. பாட்டைக் கவனிக்காதேங்கோ,” என்றாள் றெஜினா.

வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல். ஒரு கையை இடுப்பில் ஊன்றி மறுகையால் காற்றைக் குத்திக்குத்தி, ஒரு சொல்லும் பிசகாமல் வாயசைத்தாள். பின்னால் ஆறு பொடியளும் நெல்வயலில் நடந்தார்கள். முதல் தரம் ஒருவன் விழுந்தான். இரண்டாம் தரம் நாய் குறுக்கே வந்தது. மூன்றாம் தரம் எல்லாம் ஒழுங்காகப் போய்க் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

பாட்டு நின்றது. அவள் நிற்கவில்லை. மிச்சம் இருந்த ஆறு வரியையும் தன் சொந்தக் குரலில், கமராவை நேரே பார்த்துச் சொல்லி முடித்தாள். கமரா பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது.

“கடைசித் துண்டை வெட்டிவிடட்டோ? மியூசிக் இல்லை,” என்றார் வீடியோக்காரர்.

“வெட்ட வேண்டாம்,” என்றேன்.

5. பதில்கள்

பாடியவரைப் பற்றிய லண்டன் பதில் படப்பிடிப்புக்கு ஒரு கிழமை பிந்தி வந்தது. பெண். வயது பத்தொன்பது. கல்லூரி மாணவி. விவாகமாகாதவர். கனகரத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப நான் கண்டது தகப்பனையாக்கும்,” என்றார்.

மற்றக் கடிதம் ஒன்றுகூடல் முடிந்த பின்னர் வந்தது. பிள்ளைகள் எழும்பிப் போகாமல் இருந்து பார்த்தார்களாம். வேகமான பாட்டுக்குப் பின்னால் மெதுவாக ஆடுகிற உத்தி மிகப் புதியதாம். யாருடைய யோசனை என்று கேட்டிருந்தார்கள். அதற்கு நான் பதில் எழுதவில்லை. கடைசிப் பந்தியில் ஒரு சிறு முறைப்பாடும் இருந்தது. சாப்பாடு கொண்டுவந்தவர்களில் ஒருவர் மண்டபத்துக்குள் வந்து, பாட்டு நின்றபின் அந்த மாணவி தனியே பேசும் இடத்தைத் திருப்பிப் போடும்படி கேட்டிருக்கிறார். ஐந்து தரம் போட வேண்டியதாயிற்றாம். அதனால் சாப்பாடு முக்கால் மணித்தியாலம் பிந்தியது. இனிவரும் வீடியோக்களில் இது கவனிக்கப்பட வேண்டும்.

கடிதத்தை றெஜினாவுக்கு வாசிக்கக் கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பந்தியை மட்டும் வாசித்தாள். பிறகு கதிரையில் அமர்ந்து, முதலிலிருந்து வாசித்தாள்.

அவள் போன பின்னர் கோவையை எடுத்து ஏழாம் பக்கம் சேர்த்தேன். ‘பாடியவர் பெண் என்பதை மாணவி றெஜினா ஒத்திகைக் காலத்திலேயே நேரில் தெரிவித்தார். பதியப்படவில்லை. காரணம்: பிரதம லிகிதர்.’ அன்றைய திகதியையே இட்டேன். பழைய திகதி இடுவது என் வழக்கமில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கோவையில் எழுதியிருப்பதற்கு மாறாக ஒருவர் வந்து ஏதாவது சொன்னால், முதலில் அவர் சொன்னதைப் பதியுங்கள். பிறகு கதிரையை விட்டு எழும்பிப் போய், அவர் செய்கிற வேலையை நீங்களே ஒரு தரம் செய்து பாருங்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஏழாம் பக்கம் எழுதிய அன்று பின்னேரம் நானும் அந்தச் சைக்கிளில் ஏறி மிதித்தேன். நாற்பதில் தபுதாரர் பாடினார். அறுபதைத் தாண்டியதும் அந்தப் பெண் வந்தாள். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தும் அவள் குரல் மாறவில்லை.