மைனியின் துருப் பட்டு

ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷினில் இரண்டு ரோலர் உண்டு. ஒன்று வழுவழுப்பானது, மற்றது கோடு போட்டது. அண்ணன் இறந்தபின் பெருங்கடவிளை வீட்டில் அந்த மிஷினைத் தொட ஆளில்லை. துருப்பிடித்த கோட்டு ரோலரின்மேல் அண்ணன் மனைவி, என் மைனி, ஒரு ஈரத் துவர்த்தை, அதாவது துண்டை, போட்டு மறந்துவிட்டார். மறுநாள் எடுத்தால் துணி முழுக்கச் செம்பழுப்புக் கோடுகள். எத்தனை துவைத்தும் போகவில்லை. நானென்றால் தரை துடைக்கப் போட்டிருப்பேன். மைனி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். எங்கள் கிறிஸ்தவ சபையில் விதவைகள் வெள்ளைதான் உடுப்பார்கள். அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் மீறியவரை நான் கண்டதில்லை. மகள் கல்யாணத்தன்று அந்த வெள்ளையில் நிற்க மைனிக்கு மனமில்லை. கடையில் கலர்ச்சேலை எடுக்கலாமே என்றேன்.

"வேண்டாம் மக்கா. எனக்க கல்யாணச் சேலையும் வெள்ளையாக்கும். உனக்க அண்ணன் எடுத்துத் தந்தது. அதையே அந்த ரோலர்த் துருவில நிறம் மாத்தி உடுப்பேன்."

அந்தக் கல்யாணப் பட்டு ஒன்றே ஒன்று. துரு ஏறினால் இறங்காது. அதனால் முதலில் பழந்துணிகளில் பார்த்தோம். ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரியில் நனைத்து, ரோலரில் சுற்றி, காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடினோம். பருத்தி ஓர் இரவில் நன்றாகப் பிடித்தது. பாலியெஸ்டரில் ஒன்றும் ஒட்டவில்லை. அலசியதும் பழையபடி பளிச்சென்று நின்றது. சோதிக்கப் பட்டுத்துண்டு இல்லாததால், பருத்திக்கு வைத்த நேரத்தையே சேலைக்கும் வைத்தோம். முந்திக்கு வரும்போது வினாகிரி தீர்ந்துவிட்டது. வீட்டில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் மிச்சம் இருந்தது. அதுவும் புளிப்புதானே என்று தண்ணீரில் கலந்து ஊற்றினோம்.

காலையில் பிரித்துப் பார்த்தோம். பருத்தியில் செம்மண்ணாக விழுந்த கோடு பட்டில் காப்பிக்கொட்டை நிறத்தில் விழுந்திருந்தது. அது அழகுதான். ஆசிட் ஊற்றிய முந்தி மட்டும் கை பட்டதும் கிழிந்தது. நான் அழுதுவிட்டேன். மைனி, மிச்சப் புளிப்பு முறியச் சேலையைச் சோடாப்பொடித் தண்ணீரில் அலசிக் காயவைத்து, கத்திரியை எடுத்து, இற்றுப்போனதை வெட்டியெறிந்தார்.

"முந்தி குறைஞ்சா என்ன, தோளில பின் குத்தினாப் போதும்."

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் சபையின் மூத்த பெண்மணி ஒருவர் மைனியை ஓரமாக அழைத்தார். நல்ல மனசுக்காரர்தான். "மக்கா, சேலையில துருக்கறை பட்டிருக்கு, கண்டியா? வேற வெள்ளை உடுத்திட்டு வா, நேரம் உண்டு" என்றார்.

"கறை இல்ல அக்கா. நான் போட்டதாக்கும்" என்ற மைனி, மகளின் கையைப் பிடித்து, அண்ணன் நடந்திருக்க வேண்டிய இடத்தில் நடந்து உள்ளே போனார்.