தார்ப்பாய்க்குள் சாந்தமேரி

மே தினம்தோறும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் போடுகிறார்களே, தோட்டத் தொழிலாளர் தலைவரைப் பற்றிய படம், அது முதலில் எங்கள் கிள்ளான் ஊர் மேடை நாடகம். அதில் முகம் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் தனி ஆளாகப் பதினொரு லோரி சேர்த்தவன். எனக்குச் சொல்லத் தெரியும்.

சாந்தமேரி ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவர். சுங்கை வே ஃபேக்டரியில் வேலை. நாடகம் என்றால் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார். தலைவராக நடிக்கும் கணவர் அம்புரோஸ் ஒரு வரிகூட மனப்பாடம் செய்ததில்லை. மனைவி மெல்லச் சொல்வதை மண்டபம் அதிரச் சொல்வார். சபைக்கு அது தெரியவே தெரியாது.

படப்பிடிப்பில் திரை ஏது? தலைவர் லோரி மேல் நின்று பேசும் காட்சி. லோரி என்னுடையது. அந்தக் காலத்து வண்டி, ஓடுகிற நிலையில் என்னிடம் மட்டுமே இருந்தது. அம்புரோஸ் இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டார். மறுபடி தடுமாறினால் வேறு ஆளைப் போடுவேன் என்றார் டைரக்டர் கேவின். அந்த வேறு ஆள் மேக்கப்போடு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

யோசனை என்னுடையதுதான். எல்லாரும் தேநீர் குடிக்கப் போனபோது சாந்தமேரியை லோரியில் ஏற்றித் தார்ப்பாயால் மூடினேன்.

மூன்றாவது முறை அம்புரோஸ் பொழிந்து தள்ளினார். கடைசி வரி வருவதற்குள் ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கினார். பெண் குரல் கேட்கிறதாம். கேவினே ஏறித் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே சாந்தமேரி, முகமெல்லாம் வியர்வை.

"ஆன்டி, இறங்குங்க. இது சினிமா லா."

அம்புரோஸ் வேடச் சட்டையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். "அவ இறங்கினா நானும் இறங்குறேன், தம்பி."

கேவின் நிழலில் இருந்தவரைக் கைகாட்டி அழைத்தார். அவர் எழுந்து வந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

"பாஸ், அவங்க போனா லோரியும் போவுது. கேஎல் முழுக்கத் தேடிப் பாருங்க."

சாலையை மூடி வைத்திருந்த போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். சாந்தமேரிதான் வாய் திறந்தார்.

"ஏன் தம்பி, நம்ம பாக்குற படத்துல பாதி நடிகைங்களுக்கு யாரோதானே பேசுறாங்க? இப்ப நான் உள்ள இருந்து சொல்றேன், இவரு வாய் அசையட்டும். குரலைப் பின்னால ஸ்டுடியோவுல சேருங்க. அங்கயும் நான் வந்து எடுத்துக் குடுக்கறேன்."

கேவின் ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். கேவின் குனிந்து தாமே தார்ப்பாயை இழுத்து மூடினார். நான் இன்ஜினை நிறுத்தினேன்.

"மூஞ்சிப் பக்கம் கொஞ்சம் தொறந்து வைங்க தம்பி," என்றது தார்ப்பாய்க்குள்ளிருந்து குரல்.