அம்மா ஜெபமாலை சொன்ன குளம்

கோத்தா திங்கி ஊரில் ஏரிக்கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். கரைச் சுவரில் ரோஸ் மிட்டாய் நிறத்தில் ஒரு கொத்து முட்டை ஒட்டியிருந்தது. தங்க நத்தை போட்டது. பார்த்ததுமே நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்துக் குளத்தின் சேற்று வாசனை மூக்கில் ஏறியது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது. குளத்துக் கறுப்பு நத்தையைத்தான் அம்மா புளியும் மிளகும் போட்டுக் குழம்பு வைப்பார். ஒரு வருஷம் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எங்கிருந்தோ பெரிய தங்க நத்தைகளைக் கொண்டுவந்து குளத்தில் விட்டார்கள். கறிக்கு நிறையக் கிடைக்கும் என்று ஆசை. அவை குளத்தில் படர்ந்திருந்த கங்கோங் கீரையை மொட்டையடித்தன. கறுப்பு நத்தை கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது.

அடுத்த தவக்காலத்தில், மிஞ்சிய கறுப்பு நத்தையாவது பிழைக்கட்டும் என்று அம்மா நத்தைக் குழம்பை நிறுத்திவிட்டார். பால்வெட்டு முடிந்து வந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, செடித் தண்டுகளில் ஒட்டியிருந்த தங்க நத்தையின் முட்டைக் கொத்துகளைக் குச்சியால் தண்ணீருக்குள் தள்ளுவார்.

"தண்ணியில போட்டா இன்னும்தானே பெருகும்?" என்றார் அப்பா.

"வெள்ளத்துல முங்குன கொத்து எதுவும் பொரிக்கல. நான் பார்த்தேங்க."

"சரி, ஜெபமாலை நேரமாச்சு. ஏறி வா."

"இங்கதான் சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு கொத்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே."

லயமே சிரித்தது. அம்மா அதற்கடுத்த தவக்காலமும் இறங்கினார். தங்க நத்தை ஒழியவில்லைதான். ஆனால் நாங்கள் தோட்டத்தை விட்டு வந்த அன்றும் அந்தக் குளத்தில் கறுப்பு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா அப்படிக் குளத்தில் இறங்கி நின்றதைவிடப் பெரிய பக்தியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

நான் கோயிலுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. இருந்தும் குச்சி ஒன்றை ஒடித்துக் குனிந்து, அந்தக் கொத்தைத் தண்ணீரில் தள்ளியபோது, வாய் தானாக "அருள் நிறைந்த மரியே" என்றது.