இரண்டு கை கேட்ட நாற்காலி

வேம்பு ஜெயித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் இப்படி வரும். பிறந்தபோதே வலது கை தோளோடு துவண்டு கிடந்தது. பார்க்க வந்தவர்கள் இந்தப் பிள்ளை நிலைக்காது என்றார்கள், நிலைத்தாள். ஒரே கையால் சைக்கிள் ஓட்டப் பழகினாள். மூன்று தடவை வாய்க்காலில் விழுந்தாள், நாலாவது தடவை குடவாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். நடவுக்கு ஆள் சேர்த்தவர்கள் வரிசை கெட்டுப்போகும் என்று அவளை ஒதுக்கினார்கள். நாற்று முடியை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையால் நட்டு, அந்த வருஷம் முதலில் கரையேறியவள் அவள்தான். நூறு நாள் வேலையில் "ஒத்தக் கைக்கு எப்படிம்மா வேலை குடுக்கிறது?" என்று திருப்பி அனுப்பினார்கள். நான்கு நாள் போய் வெயிலில் நின்றாள், ஐந்தாம் நாள் மண்சட்டி கொடுத்தார்கள். இவளை யார் கட்டுவார்கள் என்றார்கள். அறுவடை இயந்திரம் ஓட்ட வந்த இளவழகன் தானாகவே பெண் கேட்டு வந்தான். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிள்ளையும் பிறந்தது. சுடர்விழி. ஆறாம் மாதம் முதல் சோறு வைத்தபோது, தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையைத் தொடையில் சாய்த்து, இடது கையால் குழையப் பிசைந்து வேம்பே ஊட்டினாள். அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லத் தெரிந்தவன் அவளுடைய அண்ணன் மருதையன். எட்டாம் வகுப்போடு கொத்து வேலைக்குப் போனவன். சட்டைப் பையில் டேப், இடுப்பில் ரசமட்டம். சுவரில் நூல் அளவு கோணினாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டுவான். டீக்கடையில் உட்கார்ந்தால் மூன்றாவது பேச்சு தங்கச்சியைப் பற்றித்தான் இருக்கும்.

பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. தாய்மாமன் சீர் வரிசையும் வர வேண்டும். கம்மல், பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாரும் வைப்பதுதான். அதற்கு மேல் ஒன்று வைக்க நினைத்தான் மருதையன். வேலை பார்த்த ஒரு வீட்டில், குழந்தை உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மாட்டிய தட்டில் இட்லியைப் பிய்த்துத் தின்றதைப் பார்த்திருந்தான். அதைப் போல ஒன்று தன் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

கும்பகோணத்தில் குழந்தைச் சாமான் கடை. கல்லாவில் இருந்த நஜ்மா ஒன்பது நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். மருதையன் ஒவ்வொன்றின் காலையும் டேப் வைத்து அளந்தான். தட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தான்.

"அண்ணே, நாற்காலி வாங்க வந்தீங்களா, தளம் போட வந்தீங்களா?"

"கோணத் தட்டுல என் தங்கச்சி பொண்ணு சாப்பிடணுமா?"

நஜ்மா சிரித்தாள். "சரிங்கண்ணே. வீட்டுல மேசையில சாப்பிடுவீங்களா, தரையிலயா? பிள்ளைக்கு யாரு ஊட்டுவாங்க? அதைச் சொன்னீங்கன்னா தோதானதை எடுத்துத் தருவேன்."

"ஊட்டுறதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. சபையில வச்சா எடுப்பாத் தெரியணும்."

குட்டையான ஒன்றை நஜ்மா காட்டினாள். டீக்கடை ஸ்டூல் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டான். அவன் எடுத்தது பால் வெள்ளை. கால் நான்கும் தேக்கு நிறம். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவில் ஒன்று என்று ஐந்து வார். அத்தனையும் வயிற்றுக்கு முன்னால் ஒரு கொக்கியில் சேரும். கழற்ற வேண்டுமானால் கொக்கியின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். மருதையன் பத்துத் தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்தான். பத்துத் தடவையும் தன் இரண்டு கையாலும்.

ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை அவன் மடியில் வீறிட்டு அழுது, காது குத்தி முடிந்ததும் நாற்காலியைப் பிரித்தார்கள். கூடத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. "மாமன்னா இப்படில்ல இருக்கணும்!" என்றார் யாரோ. மருதையனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வேம்பு பிள்ளையைத் தூக்கிக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். கொக்கியை எடுத்தாள். ஒரு பக்கம் மாட்டும்போது மறுபக்கம் நழுவியது. பல்லால் ஒரு வாரைக் கடித்து இழுத்துப் பார்த்தாள். பிள்ளை காலை உதைத்தது. வீடியோக்காரர் கேமராவை இறக்காமல் நின்றார். மருதையன் பாய்ந்து போய் மாட்டிவிட்டான். டக்கென்று சத்தம்.

"அம்மா மொத வாய் ஊட்டட்டும்," என்றார் வீடியோக்காரர்.

வேம்பு சர்க்கரைப் பொங்கலில் இடது கையை வைத்தாள். அந்த நேரத்தில் மருதையனுக்கு என்ன வந்ததோ. கூடம் நிறைய சம்பந்தி வீட்டு ஜனம். நல்ல காரியம். கேமரா. எல்லாருடைய கண்ணும் அந்த இடது கையில் இருப்பதாக அவனுக்குத் தோன்றிவிட்டது. குனிந்து, அவள் காதருகே, "நீ வேணாம் வேம்பு. நாத்தனார் ஊட்டட்டும்," என்றான்.

வேம்பு கையை எடுத்துக்கொண்டாள். முந்தானையில் துடைத்தாள். அதே வீட்டில் இருக்கும் இளவழகனின் அக்கா கயல்விழி முன்னால் வந்து வலது கையால் ஊட்டினாள். வீடியோ நன்றாக வந்தது.

பதினைந்து நாள் ஆயிற்று. பக்கத்து ஊரில் வேலை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மருதையன் தங்கச்சி வீட்டுக்குப் போனான். இளவழகன் அறுவடைக்கு வெளியூர் போயிருந்தான். கூடத்தின் நடுவில் நாற்காலி. அதன் எதிரே ஸ்டூல் போட்டுக் கயல்விழி ஊட்டிக்கொண்டிருந்தாள். வேம்பு அடுப்படி வாசலில் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றாள், பந்தியில் தண்ணீர் ஊற்ற நிற்கிறவர்கள் நிற்பார்களே, அப்படி.

"வாங்க சுடர் மாமா!" என்றாள் கயல்விழி. "உங்க சீர் வந்ததுலேர்ந்து இந்த மகாராணி தரையில உக்கார மாட்டேங்கறா. மூணு வேளையும் நான்தான். இவ கையால அந்தக் கொக்கியும் மாட்ட வரல, கழட்டவும் வரல. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதானே அன்னைக்கு என்னை ஊட்டச் சொன்னீங்க."

அவள் குத்திப் பேசவில்லை. மாமன் சொன்னதை மதித்துச் செய்கிறவளின் பெருமைதான் அந்தக் குரலில் இருந்தது. மருதையனுக்கு அதுதான் தாங்கவில்லை.

பிள்ளை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. "சாப்ட்டு முடிச்சுட்டு அம்மாட்ட போலாம்," என்று கயல்விழி அதன் முகத்தைத் திருப்பினாள். வேம்பு கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். மருதையன் பின்னாலேயே போனான்.

"தூக்கி மடியில வச்சு ஊட்ட வேண்டியதுதானே வேம்பு?"

"வச்சேன். 'மாமன் சீர் குடுத்திருக்காரு, தரையில வச்சு ஊட்டுனா அவருக்கு என்ன மரியாதை?'ன்னு தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப அது என்கிட்ட சோறு வாங்க மாட்டேங்குது. நான் ஊட்டுனா துப்புது."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

வேம்பு அவனை நேராகப் பார்த்தாள். "என்னன்னு பண்றதுண்ணே? வேணாம்னு சொன்னது அவங்களா? நீ. ஊரே என் கையைப் பாத்து என்னென்னமோ சொல்லியிருக்கு, நான் காதுல போட்டுக்கிட்டதில்ல. நீ சொன்னதுக்கப்புறம் எப்படி நான் கையை நீட்டுவேன்?"

மருதையன் கிணற்று மேடையில் உட்கார்ந்தான். டீக்கடை டீக்கடையாகத் தங்கச்சி புகழ் பாடியவன். அந்தக் கையைச் சபையில் மறைத்தவனும் அவனேதான். முகத்தைத் தூக்க முடியவில்லை. கொல்லையில் துணி காய்ந்தது, கோழி மேய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எழுந்து கூடத்துக்கு வந்தான். வேம்பும் பின்னால் வந்து நின்றாள். "கயலு, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. கேமராவுக்குப் பயந்து சொன்னேன். பிள்ளைக்கு அவ அம்மாதான் ஊட்டணும். இந்த நாற்காலியை மாத்திக்கிட்டு வர்றேன்."

கயல்விழியின் முகம் மாறிற்று. "சீரைத் திருப்பி எடுத்துட்டுப் போறதா? நல்லாருக்கே! மாமன் சண்டை போட்டுட்டுத் தூக்கிட்டுப் போறாருன்னு தெருவே பேசும். என் தம்பி மானம் போயிடும். நான் என்னமோ கேட்டுட்டேன்னு வரும்."

"வராது. கேக்கறவங்களுக்கு நானே பதில் சொல்லிட்டுப் போறேன்."

"என்னன்னு?"

"வாங்கத் தெரியாம வாங்கிட்டேன்னு."

கயல்விழி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். பருப்புச் சாதம் ஒட்டிய தன் கையைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் ஆசையா, பெத்தவகிட்டேர்ந்து பிடுங்கறதுக்கு? நீங்க சொன்னீங்க, செஞ்சேன்," என்று முணுமுணுத்தாள். பிறகு வேம்பைப் பார்த்து, "நீயும் கூடப் போ. இவரை நம்பி விட்டா இந்தத் தடவை சிம்மாசனம் வந்துடும்," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் மருதையன் நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தான். பின்னால் வேம்பு, இடுப்பில் பிள்ளை. பஸ் நிறுத்தம் வரைக்கும் ஆறு பேர் கேட்டார்கள்.

"என்ன மருதை, சீர் ரிவர்ஸ்ல போவுது? சம்பந்தி சண்டையா?"

"இல்லண்ணே. தப்பா வாங்கிட்டேன்."

"நீயா? ரசமட்டம் வச்சுல்ல வாங்கினேன்னு சொன்ன?"

"ஆமா. அளக்க வேண்டியதை அளக்கல."

ஆறு பேருக்கும் இதையே சொன்னான். ஆறாவது தடவையும் காது சுட்டது.

நஜ்மா அவனைப் பார்த்ததும் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு வேம்பின் கையைப் பார்த்தாள். "அன்னைக்கே கேட்டேனேண்ணே, யாரு ஊட்டுவாங்கன்னு," என்றாள். மருதையன் நாற்காலியைக் கல்லா ஓரமாக இறக்கி வைத்தான்.

அவன் முந்திக்கொண்டு, அன்று தள்ளிவிட்ட குட்டை நாற்காலியை எடுத்து வந்தான். சாம்பல் நிறம். "இது உனக்குச் சுளுவா இருக்கும் வேம்பு."

"ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு," என்றாள் வேம்பு. "எம் பொண்ணு உக்கார்றது. பாக்கவும் லட்சணமா வேணாமா?"

நஜ்மா பக்கென்று சிரித்துவிட்டாள். அதன்பின் பேச்சு இரண்டு பெண்களுக்குள்ளேயே நடந்தது. மருதையன் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். வேம்பு ஒவ்வொன்றின் தட்டையும் இடது கையால் இழுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அமுக்க வேண்டியதை ஒதுக்கினாள். துணி மெத்தை வைத்ததை, சோறு சிந்தினால் துவைத்து மாளாது என்று ஒதுக்கினாள். கடைசியில் மாம்பழ நிறத்தில் ஒன்று கிடைத்தது. காலைக் கழற்றிவிட்டால் தரையில் உட்காரும், மாட்டினால் உயரும். நடுவில் ஒரே பித்தான், கட்டை விரலால் அமுக்கினால் தட்டு கையோடு வந்தது. வாரின் ஒரு முனை நாற்காலியிலேயே தைத்திருந்தது. மறுமுனையைக் கொண்டுபோய்ச் செருகினால் போதும். பிள்ளையை உட்கார வைத்தாள். செருகினாள். கழற்றினாள். மறுபடி செருகினாள். நஜ்மா ஒரு பிஸ்கட்டைக் கொடுக்க, தரையில் உட்கார்ந்து, கடை நடுவில், நாலு பேர் பார்க்க, இடது கையால் பிய்த்து நீட்டினாள். பிள்ளை முதல் துண்டைத் துப்பியது. இரண்டாவதை யோசித்தது. மூன்றாவதைத் தின்றது.

மருதையன் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

"மாத்துற நோட்டுல ஒரு கையெழுத்து வேணும்க்கா," என்று நஜ்மா நோட்டை விரித்தாள்.

"மை இருக்கா? தங்கச்சி ரேகை வச்சுடும்," என்றான் மருதையன். யோசித்துச் சொன்னதில்லை, வாய்ப் பழக்கம். பேங்கில், ரேஷன் கடையில், கல்யாணப் பதிவில், பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் அவன்தான் முன்னால் போய் இதைச் சொல்லுவான்.

"மை இல்லையே. நீங்களே போட்டுடுங்கண்ணே."

அவன் பேனாவை வாங்கினான். குனிந்தவன் நின்றுவிட்டான். மூன்றாம் வகுப்பில் இடது கையால் எழுதியதற்கு அடி வாங்கி, இனிப் போக மாட்டேன் என்று வந்தாள் வேம்பு. போகச் சொல்லி அவனும் வற்புறுத்தவில்லை. ஆனால் அவளுக்கு எழுத்துத் தெரியும். காலண்டரில் காஸ் வந்த நாளையும் பிள்ளைக்கு ஊசி போட வேண்டிய நாளையும் அவள்தான் குறிக்கிறாள், அவன் பார்த்திருக்கிறான். தெரிந்தும் ரேகை வைக்கச் சொன்னான். வரிசையில் நிற்கிறவர்கள் அவள் எழுதுவதைப் பார்க்கக்கூடாது என்று. காதுகுத்து அன்று வந்தது புதிதில்லை. அது எத்தனையோ வருஷமாக அவனுக்குள் இருந்ததுதான்.

பேனாவைத் திருப்பி அவளிடம் நீட்டினான்.

"நேரமாகும்ணே. பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

வேம்பு பேனாவை இடது கையில் வாங்கினாள். எழுத ஆரம்பித்ததும் நோட்டு நகர்ந்தது. மருதையன் பிடிக்கப் போனான். அதற்குள் அவள் துவண்ட வலது கையை உடம்போடு சாய்த்து, முழங்கையை நோட்டின் மேல் ஊன்றிக்கொண்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். மூன்று எழுத்து. கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். மருதையன் திரும்பி அவரைப் பார்த்தான், கண்ணைத் தாழ்த்தவில்லை.

"பக்கத்துல தேதிக்கா," என்றாள் நஜ்மா.

அதையும் வேம்பே எழுதினாள்: 10.7.2023.